கோமதி டீச்சர் வராத நாள்கள்

கோமதி டீச்சர் இந்தப் பள்ளியைத் தனியாளாக இழுத்துக்கொண்டு போனார், தமக்குப் பின் ஒருவரையும் தயார் செய்யாமல் போய்விட்டார் என்று இரங்கல் கூட்டத்தில் மூன்று பேர் பேசினார்கள். ஒருவர் கண்ணீரோடு பேசினார். மூவரும் பாராட்டாகத்தான் சொன்னார்கள். ஆனால் அது உண்மையல்ல. இருபது ஆண்டுகள் முதல்வராக இருந்த ஒருவரைப் பற்றி இதைவிடப் பெரிய பழியைச் சொல்லிவிட முடியாது. நினைவு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலர் என்னிடம் கேட்டார். அந்தத் தவற்றைத் திருத்துவதுதான் நான் செய்யக்கூடிய அஞ்சலி.

திருத்துவதற்கு அவசரமும் இருக்கிறது. அடுத்த முதல்வர் யார் என்பதைப் பள்ளிக் குழு இந்த மாதக் கடைசியில் முடிவு செய்யப்போகிறது. உள்ளே தகுந்த ஆள் இல்லை, மதுரையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரை அழைத்துவரலாம் என்பது குழுவில் நடக்கும் பேச்சு. உள்ளே ஆள் இருக்கிறார். அவர் பெயர் பாண்டிச்செல்வி. கணித ஆசிரியை.

கோமதி டீச்சர் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவரும் அவர்தான். காலை ஒன்பதே கால் இருக்கும். விருதுநகரில் என் வீட்டில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், மேடம் போயிட்டாக. எட்டரைக்கு, ஆஸ்பத்திரியில" என்றார். அதே மூச்சில் தொடர்ந்தார். "இன்னைக்கு லீவு விடல டீச்சர். கம்பெனி வேன் எல்லாம் எப்பவோ போயிருச்சு. வீட்டுல ஆள் இருக்காது. இப்ப அனுப்புனா பிள்ளைக பூட்டுன கதவு முன்னாடி நிக்கும். வழக்கம்போல நாலு மணிக்கு விட்டுட்டு எல்லாரும் வாரோம். நீங்க முன்னாடி போயி கூட இருங்க."

குரல் உடைவதற்குள் தொலைபேசியை வைத்துவிட்டார்.

எங்கள் பள்ளியை அறியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். ஆமத்தூரைத் தாண்டிச் சிவகாசி போகும் சாலையில் இருக்கிறது பள்ளி. மாணவர்களில் பெரும்பாலோரின் தாய்மார்கள் பட்டாசுக் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள். விடிந்ததும் கம்பெனி வேன் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போய்விடும், மாலையில்தான் திரும்பும். முதல்வர் இறந்த அன்று மணி அடித்துப் பாடம் நடத்திய பள்ளி என்று இப்போது பலர் குறை சொல்கிறார்கள். குழுவிலும் சொல்கிறார்களாம். தகனம் மறுநாள் காலையில்தான் நடந்தது. ஆசிரியர்கள் அனைவரும், பெரிய வகுப்புப் பிள்ளைகளும் நின்றார்கள். யாரும் வழியனுப்பாமல் விட்டுவிடவில்லை.

இனி அவரைப் பற்றி.

கோமதி டீச்சர் முதல்வரானபோது நான் அங்கே மூத்த ஆங்கில ஆசிரியை. அவரைவிடப் பத்து வயது பெரியவள். அந்தப் பதவி எனக்கு வரும் என்று நானும் எதிர்பார்த்தேன், என் கணவரும் எதிர்பார்த்தார். வரவில்லை. முதல் இரண்டு ஆண்டுகள் நான் அவரைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை, 'முதல்வர்' என்றுதான் அழைத்தேன். அவர் முதல் நாளிலிருந்தே என்னை 'அக்கா' என்றார். என் கணவர் இறந்தபோது பதினாறு நாளும் பள்ளி விட்டதும் என் வீட்டுக்கு வந்து, ஒன்றும் பேசாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அதன் பிறகு நானும் அவரைக் கோமதி என்றேன்.

அவரிடம் குறைகள் இருந்தன. கையெழுத்து படிக்க முடியாது. குழு உறுப்பினர்கள் வீட்டு விசேஷங்களை மறந்துவிடுவார். ஆண்டு விழா மேடையில் யாருக்கு முதலில் மாலை என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது. ஆனால் ஆசிரியர்களைப் பார்க்கும் பார்வையில் அவருக்கு இணையாக ஒருவரை நான் கண்டதில்லை. எல்லா முதல்வர்களும் ஆசிரியர் நன்றாகப் பாடம் நடத்துகிறாரா என்று பார்ப்பார்கள். இவர் அதைப் பார்த்துவிட்டு, இந்த ஆளிடம் பள்ளியைக் கொடுக்கலாமா என்றும் பார்ப்பார்.

பாண்டிச்செல்வி மல்லாங்கிணறு பக்கத்துக்காரர். மானாவாரி விவசாயக் குடும்பம். முதலில் நான்காம் வகுப்பு ஆசிரியையாகத்தான் சேர்ந்தார். அவருடைய ஆங்கிலம் எனக்குப் பிடிக்கவில்லை. நான் மதுரையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்தவள். முழு வாக்கியமாகப் பேசாதவர்களை எங்கள் காலத்தில் உட்காரச் சொல்லமாட்டார்கள். இவர் நாலு வார்த்தை ஆங்கிலத்தில் தொடங்கி ஐந்தாவது வார்த்தையில் தமிழுக்கு வந்துவிடுவார். இவர் நெடுநாள் நிலைக்கமாட்டார் என்று கோமதியிடம் சொன்னேன்.

அந்த ஆண்டு ஆசிரியர் கூட்டத்தில் ஒரே புகார், பெற்றோர் கூட்டத்துக்குப் பெற்றோர் வருவதில்லை என்பது. சீசன் நேரத்தில் கம்பெனியில் லீவு கிடைக்காது. நான் உட்பட ஆளுக்கு ஐந்து நிமிடம் இதைப் பற்றிப் பேசினோம். பாண்டிச்செல்வி பேசவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு தாய் வந்து, "நாலாப்பு மிஸ்ஸு வேன் நிக்கிற இடத்துக்கே வந்து எங்களைப் பாத்துப் பேசுனாக. மத்த மிஸ்ஸும் அப்படி வந்தா என்ன மேடம்?" என்று கேட்டபோதுதான் கோமதிக்கு விஷயம் தெரிந்தது. மாலையில் கம்பெனி வேன் பெண்களை இறக்கிவிடும் இடத்தில், புளியமரத்தடியில், பாண்டிச்செல்வி நான்காம் வகுப்பின் பெற்றோர் கூட்டத்தை நடத்தி முடித்திருந்தார். யாரிடமும் கேட்கவும் இல்லை, செய்தபின் சொல்லவும் இல்லை.

"அக்கா, குறையைச் சொன்னவுக நாம எல்லாரும். அதுக்குத் தன் சாயங்காலத்தைக் குடுத்தது அந்தப் பிள்ளை ஒண்ணுதான்" என்றார் கோமதி.

"ஆங்கிலம்?" என்றேன்.

"அதை நீங்க குடுங்க. நீங்க குடுக்க முடியாததை அவ கொண்டுவந்திருக்கா."

அதற்கு அடுத்த ஆண்டு பள்ளியின் கால அட்டவணையைப் பாண்டிச்செல்வியிடம் கொடுத்தார். கோமதியின் வழக்கம் இது. ஆண்டுக்கு ஒரு வேலையை ஒருவரிடம் முழுதாகக் கொடுப்பார். கொடுத்ததைத் திரும்ப வாங்கமாட்டார். முதல் அட்டவணையில் செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளையில் ஒரே வேதியியல் ஆசிரியருக்கு இரண்டு வகுப்புகள் இருந்தன. ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு ஆசிரியர் இல்லாமல் கத்திக்கொண்டிருந்தது. நான் அட்டவணையை எடுத்துக்கொண்டு போய்க் கோமதியின் மேசையில் வைத்தேன், சிவப்பு மையால் வட்டமிட்டு.

"பாத்தேன் அக்கா" என்றார். எழுந்து அந்த வகுப்புக்குப் போய் உட்கார்ந்தார். அட்டவணையைத் தொடவில்லை. மறு செவ்வாயும் அதே பாடவேளைக்குப் போய் உட்கார்ந்தார். முதல்வர் ஏன் தங்கள் வகுப்பில் வந்து உட்காருகிறார் என்று பிள்ளைகளுக்கே புரியவில்லை. பாண்டிச்செல்விக்குப் புரிந்தது. மூன்றாவது செவ்வாய்க்குள் அட்டவணையை அடியிலிருந்து மாற்றி எழுதிக் கொண்டுவந்தார். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மேடம்" என்று அவர் கேட்டதற்கு, "சொல்லியிருந்தா அது என் அட்டவணையாப் போயிருக்கும்" என்றாராம் கோமதி.

இந்த வழக்கத்தால் நஷ்டமும் வந்தது. அந்த வேதியியல் ஆசிரியரையே அவர் நான்கு ஆண்டுகள் இதுபோலத் தயார் செய்தார். சேர்க்கை முழுவதும் அவர் பொறுப்பில் இருந்தது. மதுரையில் ஒரு பெரிய பள்ளி அவரைத் துணை முதல்வராக அழைத்தது, போய்விட்டார். "நல்லா ஊருக்கெல்லாம் ஆள் தயார் பண்ணிக் குடுக்கீக" என்று குழுவில் ஒருவர் கோமதியைக் குத்திப் பேசினார். "அங்கன நல்லா பாக்காராம் சார், விசாரிச்சேன்" என்று மட்டும் சொன்னார் கோமதி. எனக்கு அன்று கோபம். அவருக்கு இல்லை.

பிறகு அவர் வராத நாள்கள் தொடங்கின. ஆண்டுக்கு மூன்று, நான்கு நாள் இருக்கும். காலை ஏழரைக்கு ஒரே ஓர் ஆசிரியருக்குத் தொலைபேசியில் பேசுவார். "இன்னைக்கு நான் வரல. நீங்க பாத்துக்கோங்க." அவ்வளவுதான். உடம்புக்கு என்ன என்று கேட்டால் பதில் வராது. விருதுநகரில் தங்கை வீட்டுக்குப் போய்ப் போனை அணைத்துவிட்டு, மிளகாய் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்பது எனக்கு மட்டும் தெரியும். மறுநாள் வந்ததும் அந்த ஆசிரியரை அழைப்பார். என்னென்ன செய்தீர்கள் என்று கேட்கமாட்டார்.

"எதைச் செய்யாம விட்டீக?" என்றுதான் கேட்பார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் பலர் விழித்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் செய்தேன் என்று சொன்னவர்களுக்கு அடுத்த முறை தொலைபேசி வந்ததில்லை.

பாண்டிச்செல்விக்கு முதல் முறை அந்தத் தொலைபேசி வந்த நாளை நான் கெடுத்தேன். இதை இதற்கு முன் நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்று காலை பள்ளி வாசலில் எங்கள் வேனும் தாமதமாகப் போன ஒரு கம்பெனி வேனும் எதிரெதிரே மாட்டிக்கொண்டன. இரண்டு ஓட்டுநர்களும் இறங்கிவிட்டார்கள். "நீ எடுலே பின்னால", "ஏலே, லோடு ஏத்துன வண்டியை எப்படிடா எடுக்க?" என்று பேச்சு வளர்ந்தது. எங்கள் வேனுக்குள் பிள்ளைகள், அந்த வேனுக்குள் பெண்கள். பாண்டிச்செல்வி வாசலுக்கு வந்து இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு நிமிடம் ஆயிற்று. என்னால் பொறுக்க முடியவில்லை. நேராகப் போய் இரண்டு பேரையும் நான்கு வார்த்தை கேட்டேன். வண்டிகள் நகர்ந்தன. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் கோமதி என் வகுப்புக்கே வந்து என்னை வராந்தாவுக்கு அழைத்தார்.

"அக்கா, நேத்து அவளுக்கு நீங்க ஒத்தாசை பண்ணல. அவ நாளை எடுத்துக்கிட்டீக."

"வாசலில் சண்டை நடக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்கிறாயா?" என்றேன்.

"அவ சும்மா நிக்கல. கம்பெனி வேனுல இருந்த பொம்பளைகள்ல யாரு அந்த டிரைவருக்குச் சொந்தம்னு பாத்துக்கிட்டு நின்னா. கேட்டேன், சொன்னா. ஒரு நிமிசம் விட்டிருந்தா அந்தம்மாவே இறங்கி அவனை அதட்டி ஏத்தியிருக்கும். நீங்க போனதால இப்ப அந்த டிரைவருக்கு நம்ம பள்ளிக்கூடத்து மேல கோவம், நாளைக்கும் வருவான்."

அவன் மறுநாளும் வந்தான், வேண்டுமென்றே வாசலை அடைத்துக்கொண்டு நிறுத்தினான். அன்று பாண்டிச்செல்வி அவனுக்குச் சொந்தமான அந்தப் பெண்ணிடம் பேசினார். அதன் பிறகு அந்த வேன் எங்கள் வாசலில் நிற்கவில்லை. நான் பாண்டிச்செல்வியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. மாறாக, வாரம் இரண்டு நாள் பள்ளி விட்டபின் அவருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். இப்போது அவருடைய ஆங்கிலக் கடிதத்தில் நான் திருத்த ஒன்றும் இருப்பதில்லை. பேச்சு இன்னும் ஐந்தாவது வார்த்தையில் தமிழுக்கு வருகிறது. அதில் குற்றமில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

குழு எந்த நாளைப் பாண்டிச்செல்விக்கு எதிராக வைத்திருக்கிறதோ அந்த நாளைப் பற்றியும் எழுதவேண்டும். நான் ஓய்வு பெற்று, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பேச்சு ஆங்கிலம் நடத்த வந்துகொண்டிருந்த காலம். அன்றும் கோமதி வராத நாள், பொறுப்பு பாண்டிச்செல்வியிடம். பதினொன்றரை மணிக்குச் சத்தம் கேட்டது. எங்கள் பக்கத்தில் சத்தம் என்றால் ஒரே பொருள்தான், ஏதோ ஒரு கம்பெனியில் வெடிவிபத்து. சன்னல் கம்பி அதிர்ந்தது. என் வகுப்பில் நாற்பது பிள்ளைகளும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். எழுந்து வெளியே போக வேண்டும் என்று கால் துடித்தது. போகவில்லை. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த வாக்கியத்தை முடித்தேன்.

எந்தப் பிள்ளையின் வீட்டில் யார், எந்தக் கம்பெனியில் வேலை செய்கிறார் என்று குறித்துவைக்கும் 'கம்பெனி நோட்டு' ஒன்றைக் கோமதி பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருந்தார். சேர்க்கையின்போது எழுதுவதோடு சரி. தீபாவளி முடிந்து கம்பெனிகள் மறுபடி திறக்கும்போது பாதிப் பேர் கம்பெனி மாறிவிடுவார்கள், அதனால் இந்த நோட்டு பயன்படாது என்று முதலில் சொன்னவர் பாண்டிச்செல்வி. ஒவ்வொரு தீபாவளிக்குப் பின்னும் வேன் நிற்கும் இடத்துக்குப் போய்ப் புதிதாக எழுதிவந்தார்.

அன்று அவர் மணி அடிக்கவில்லை, ஒலிபெருக்கியில் ஒன்றும் சொல்லவில்லை. எந்தக் கம்பெனி என்று ஒரு வேன் ஓட்டுநரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, நோட்டைப் பார்த்தார். ஆறு பிள்ளைகளின் தாய்மார்கள் அங்கே இருந்தார்கள். செய்தி வரும்வரை அந்த ஆறு பிள்ளைகளையும் தம் கண்முன் வைத்திருக்க நினைத்தார். ஆனால் அவர்களை மட்டும் கூப்பிட்டால் ஏன் என்று பள்ளிக்கே தெரிந்துவிடும். அதனால் சம்பந்தமே இல்லாத பத்துப் பிள்ளைகளையும் சேர்த்து, நூலகத்தில் புத்தகம் அடுக்க வேண்டும் என்று வகுப்பு வகுப்பாக வந்து அழைத்துப் போனார். என் வகுப்பிலிருந்து மூவரை அழைத்தார். அவர் முகத்திலிருந்து என்னால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு மணிக்குள் ஆறு வீட்டுச் செய்தியும் வந்துவிட்டது. ஐந்து பேருக்கு ஒன்றுமில்லை. ஒரு சிறுமியின் தாய்க்குக் கையில் தீக்காயம். அந்தச் சிறுமியைத் தனியே உட்காரவைத்துப் பாண்டிச்செல்வியே சொன்னார். சித்தியை வரவழைத்து உடன் அனுப்பினார்.

செயலருக்கு ஒன்றரை மணிக்குத்தான் சொன்னார். அதற்குள் அவர் வேறு யார் மூலமோ கேள்விப்பட்டிருந்தார். "நான் எதுக்குச் செயலர்னு இருக்கேன்? ஊர்ல அம்புட்டுப் பேருக்கும் தெரிஞ்சபெறவு எனக்குச் சொல்றீக" என்று அவர் கடிந்துகொண்டது அலுவலகத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

மறுநாள் கோமதி வந்தார். நானும் அந்த அறையில் இருந்தேன்.

"எதைச் செய்யாம விட்டீக, செல்வி?"

"மணி அடிக்கல மேடம். செயலர் சாருக்கு உடனே சொல்லல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா வந்துருவாக. வந்தா காரு உள்ள வரும், பின்னாடி நாலு பேரு வருவாக. பிள்ளைக சன்னல் வழியாப் பாத்துரும். ஆறு வீடும் தெரிஞ்சபெறவு சொல்வோம்னு இருந்துட்டேன்."

அதற்குக் கோமதி, "மத்தியானம் சாப்பிட்டீகளா?" என்றார்.

"இல்ல மேடம்."

"அது தப்பு. நீங்க சாப்பிடாம இருந்தா பிள்ளைக கண்டுபிடிச்சிரும். மத்தது சரி. செயலர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

பேசினார். செயலரின் மனம் ஆறவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் நல்ல மனிதர், பள்ளிக்காக ஓடியாடுகிறவர். தம்மை ஒதுக்கிவிட்டார்கள் என்ற வருத்தம் அவருக்கு நியாயமானதே. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் பாண்டிச்செல்வி யாரை முதலில் நினைத்தார் என்பதையும் அவர் நினைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு கோமதியிடம் இருந்த வேலைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. வேன் தடங்கள், சேர்க்கை, புதிய ஆசிரியர் தேர்வு எல்லாம் பாண்டிச்செல்வியிடம் போயின. கடைசி இரண்டு ஆண்டுகளில் கோமதியிடம் மிஞ்சியிருந்தவை காலையில் வாசலில் நிற்பதும், கையெழுத்துப் போடுவதும்தான். வாசலில் நின்றவரைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். தனியாளாக நடத்தினார் என்ற பேச்சு அதிலிருந்து வந்திருக்கும்.

இதய நோய் இருப்பது தெரிந்ததும் அவர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். கையெழுத்து யாருக்கும் புரியாது என்பதால் என்னிடம் கொடுத்து நல்லபடி எழுதித்தரச் சொன்னார். ஒரே பக்கம். தமக்குப் பின் பாண்டிச்செல்வியை முதல்வராக்க வேண்டும் என்றும், அதற்கான காரணங்களும், அவரிடம் இன்னும் உள்ள இரண்டு குறைகளும் அதில் இருந்தன. குறைகளை எடுத்துவிடலாமே என்றேன். "குறை இல்லாத ஆளைப் பத்தி எழுதுனா நான் பாக்கவே இல்லைன்னு ஆயிரும் அக்கா" என்றார். கடிதத்தைத் தாமே கொண்டுபோய்ச் செயலர் கையில் கொடுத்தார். "பாத்துக்கலாம் டீச்சர், நீங்க மொதல்ல உடம்பைக் கவனிங்க" என்று பதில் வந்தது. நான்கு மாதங்களில் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் அதே பதில்தான்.

மருத்துவமனையில் சேர்வதற்குப் பத்து நாள் முன்பு, விடுப்பில் இருந்தவர், ஒரு காலையில் சொல்லாமல் பள்ளிக்கு வந்தார். நான் அலுவலகத்தில் இருந்தேன். முதல்வர் அறைக்குள் பாண்டிச்செல்வி ஒரு தாயோடு பேசிக்கொண்டிருந்தார். உதவியாளர் உள்ளே ஓடப் போனதைக் கோமதி கையால் தடுத்தார். பெற்றோர்கள் காத்திருக்கும் பெஞ்சில், ஒரு தகப்பனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நாற்பது நிமிடம் ஆயிற்று. வெயில் ஏறியது. நான் அருகில் போய், உள்ளே போகலாமே கோமதி, உன் அறைதானே என்றேன்.

"எனக்கு முன்னாடி இவுக வந்திருக்காக" என்று பக்கத்தில் இருந்தவரைக் காட்டினார்.

அந்தத் தகப்பனார் உள்ளே போய்விட்டு வந்தபின்தான் இவர் எழுந்தார். அந்த நாற்பது நிமிடமும் அவர் முகத்தில் இருந்த நிறைவை அதற்கு முன் நான் அவரிடம் கண்டதில்லை. அவரை நான் நினைக்கும்போது அந்தப் பெஞ்சில்தான் இருக்கிறார். நிம்மதியாகப் போ, கோமதி. வேலையை முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறாய்.

பள்ளிக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். கோமதி டீச்சரின் கடிதம் உங்களிடம் இருக்கிறது. பாண்டிச்செல்வியை முதல்வராக்குவீர்களா, மாட்டீர்களா, மாட்டீர்கள் என்றால் என்ன காரணம் என்பதை இந்த மாதக் கூட்டம் முடிந்ததும் எனக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். என் முகவரி பள்ளி அலுவலகத்தில் உள்ளது.

இந்திராணி
ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை
விருதுநகர்